கேமன் ஜிடிஎஸ் 4.0 போதுமா, ஜிடி4-க்குக் கூடுதல் பணம் தகுமா?

போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 அமெரிக்காவில் அறிமுகமானபோது அடிப்படை விலை 86,700 டாலர். ஜிடி4-க்கு 99,200. இடையில் 12,500 டாலர். இந்த வரிசையின் உற்பத்தியே நின்றுவிட்டதால், இன்று இரண்டையும் பழைய கார் சந்தையில்தான் தேட வேண்டும். அங்கேயும் ஜிடி4 எப்போதும் ஒரு படி மேலேயே நிற்கிறது. நான் தேர்ந்தெடுத்தது ஜிடி4. ஏன் என்பதைச் சொல்லுமுன், எதற்காக அதை வாங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினுக்காக வாங்காதீர்கள். இரண்டிலும் இருப்பது அதே 4.0 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின். ஜிடிஎஸ் 394 குதிரைத்திறன், ஜிடி4 414. மேனுவல் கியர் காரில் டார்க் இரண்டுக்கும் 420 நியூட்டன் மீட்டர். ஒன்று 7,800 ஆர்பிஎம் வரை போகும், மற்றது 8,000 வரை. நூறு கிலோமீட்டர் வேகத்தை ஒன்று 4.5 விநாடியிலும் மற்றது 4.4 விநாடியிலும் தொடும். சாலையில் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. கியர்கள் நீளமானவை என்ற குறை இரண்டுக்கும் பொது. இரண்டாம் கியரே மணிக்கு 135 கிலோமீட்டரைத் தாண்டும். எடைக்காகவும் வாங்காதீர்கள். மேனுவல் ஜிடிஎஸ் 1,405 கிலோ, ஜிடி4 1,420 கிலோ. டிராக்குக்கென்று, அதாவது பந்தயப் பாதைக்கென்று, செய்த கார்தான் 15 கிலோ கூடுதல். பெரிய பிரேக்கும் அகல டயரும் பின்னால் நிற்கும் இறக்கையும் சும்மா வருவதில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி முன் சஸ்பென்ஷனுக்கு. ஜிடி4-இன் முன்பக்கம் 911 ஜிடி3-இலிருந்து எடுத்தது. முடிவைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கேமனின் நான்கு சக்கரங்களிலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்; ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த சஸ்பென்ஷன் அது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயரும் வெளியே சாய்ந்து, அதன் வெளி விளிம்பின் மேலேயே எடை முழுவதும் ஏறுகிறது. வேறு வகை சஸ்பென்ஷன்களில் ஸ்பிரிங் அமுங்க அமுங்கச் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து இதை ஓரளவு ஈடுகட்டும். ஸ்ட்ரட்டில் அந்த ஈடு குறைவு. அதனால் கார் நிற்கும்போதே சக்கரத்தின் மேற்புறத்தை உள்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். அதுதான் நெகட்டிவ் கேம்பர்.

ஜிடிஎஸ்ஸில் முன் கேம்பரைக் கூட்ட ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டில் இருக்கும் நீள்துளை ஒன்றுதான் வழி. அதை எல்லைவரை தள்ளினாலும் பெரும்பாலான கார்களில் ஒன்றரை டிகிரிக்குள் நின்றுவிடும். ஜிடி4-இல் சக்கரத்தின் அடிப்பாகத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டு துண்டாக வருகிறது. நடுவே ஷிம் தகடுகளைச் செருகினால் சக்கரத்தின் அடிப்பாகம் வெளியே தள்ளப்படும். இரண்டரை டிகிரி சாதாரணமாகக் கிடைக்கும். பின்சக்கரத்துக்கும் இதே ஏற்பாடு. இரு பக்கமும் ஒரே கனத்துக்குத் தகடு போட்டு, போல்ட்டுகளைக் குறித்த டார்க்கில் முறுக்கி, அதன்பிறகு டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்ய வேண்டும். கேம்பரை மாற்றினால் டோ தானாகவே நகர்ந்துவிடும். அதை விட்டுவிட்டால் ஒரு நெடுஞ்சாலைப் பயணத்திலேயே டயரின் உள்விளிம்பு தேயத் தொடங்கும்.

கேம்பர் போதாத காரை டிராக்கில் ஓட்டினால் என்ன ஆகும் என்பது டயரைப் பார்த்தாலே தெரியும். நடுவில் பள்ளங்கள் நன்றாக இருக்கும். வெளி விளிம்பு மட்டும் மொட்டையாகி, சில வேளை நார் வெளியே தெரியும். டயரை ரிம்மில் திருப்பி மாட்டித் தப்பிக்கலாமே என்று தோன்றும். இந்தக் கார்களுக்கு வரும் டயர்கள் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பிரித்துச் செய்தவை, திருப்ப முடியாது. இடம் வலம் மாற்றினாலும் வெளி விளிம்பு வெளியேதான் நிற்கும். ஆக, முக்கால்வாசி ரப்பர் மிச்சமிருக்கும் டயரைக் கழற்றி எறிய வேண்டியதுதான். கூடவே மூக்கு வளைவுக்குள் திரும்ப மறுக்கும். ஓட்டுநர் இன்னும் ஸ்டியரிங்கைத் திருப்புவார், விளிம்பு இன்னும் வேகமாகத் தேயும்.

இதற்கு ஜிடிஎஸ் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, ஜிடி3-இன் லோயர் ஆர்ம்களை வாங்கி மாட்டுவது. நல்ல தீர்வுதான். அதோடு நின்றால் கணக்கு ஜிடிஎஸ் பக்கமே சாயும். ஆனால் நிற்பதில்லை. ஆர்ம் மாற்றியதும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் கேட்கும்; ஜிடி4-இல் முன்னும் பின்னும் சரிசெய்யக்கூடிய பார் கூடவே வருகிறது. அடுத்தது பிரேக். ஜிடிஎஸ் டிஸ்க் முன்னே 350, பின்னே 330 மி.மீ. ஜிடி4-இல் நான்கும் 380 மி.மீ. பெரிய டிஸ்க் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், டிஸ்க்கை அழுத்தும் பேடும் மெதுவாகத் தேயும். பேடு பாதி தேய்ந்தபின் வெப்பம் பிஸ்டன் வழியே பிரேக் ஆயிலுக்குச் சீக்கிரம் போய்விடும் என்பதால் இது வெறும் செலவு விஷயமும் அல்ல. டயர் அகலத்தையும் கவனியுங்கள்: ஜிடிஎஸ் முன்னே 235, பின்னே 265 மி.மீ.; ஜிடி4 முன்னே 245, பின்னே 295.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது விற்கும் நேரம். ஜிடிஎஸ்ஸில் மாட்டிய பாகங்களுக்கு அடுத்தவர் காசு தர மாட்டார்; சிலர் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கவும் செய்வார்கள். ஜிடி4-இல் கொடுத்த கூடுதல் பணம் பெயர்ப்பலகையோடு காரிலேயே தங்குகிறது. ஆண்டுக்கு நான்கைந்து டிராக் நாளாவது போகிறவருக்கு 12,500 டாலர் இடைவெளி சில பருவங்களிலேயே ஈடாகிவிடும் என்பது என் மதிப்பீடு. ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் போகிறவருக்கு ஈடாகாது. அவர் ஜிடிஎஸ்ஸை எடுத்து, மீதிப் பணத்தில் நல்ல பயிற்றுநரோடு ஓட்டப் பழகலாம்.

தினசரி ஓட்டத்துக்கும் ஜிடிஎஸ்தான் மேல், இதில் வாதமே வேண்டாம். சாதாரண கேமனைவிட ஜிடி4 30 மி.மீ. தாழ்வு, ஜிடிஎஸ் 20 மி.மீ. மூக்கைத் தூக்கும் வசதி ஜிடி4-இல் கிடையாது. சரிவான வாசல்களில் முன் பம்பரின் கீழ் விளிம்பான லிப் உரசும். அந்த லிப் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பாகம் என்பது ஆறுதல். ஜிடி4-இல் வரும் டிராக் டயரான கப் 2 குளிரில் கல்லாக இறுகும், தேங்கிய நீரில் மிதக்கும். மழைநாளில் ஜிடி4-ஐ வேகமாக ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் முதல் டிராக் நாளுக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 205-க்கு இறங்கிவிடும். அதனால் பழைய ஆயிலை நம்ப வேண்டாம். டயர் காற்று சூடானபின் 32 முதல் 34 பிஎஸ்ஐ என்று தொடங்கி, விளிம்பில் உரசல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

பழைய ஜிடி4 பார்க்கப் போனால், இரும்பு டிஸ்க் உள்ளதைத் தேடுங்கள். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் செராமிக் டிஸ்க்கைக் காட்டும். சாலைக்கு அது அருமை, ஆனால் டிராக்கில் தேய்ந்தபின் மாற்றும் செலவு மலைக்க வைக்கும். இரும்பு டிஸ்க்கில் துளைக்குத் துளை மயிரிழை விரிசல் இருப்பது இயல்பு. விரிசல் விளிம்பைத் தொட்டிருந்தால் நான்கு டிஸ்க்கின் விலையையும் கழித்துப் பேசுங்கள். மேனுவல் காரென்றால் எஞ்சின் கணினியிலிருந்து ஓவர்ரெவ் அறிக்கை கட்டாயம் கேளுங்கள். அது ஆறு அடுக்காக வரும். கீழ் அடுக்குகளில் எண்கள் இருப்பது டிராக் காருக்குச் சாதாரணம். மேல் அடுக்குகளில் இருந்தால் தவறான கியருக்கு இறக்கி எஞ்சினை எல்லைமீறிச் சுழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது எந்த எஞ்சின் மணியில் நடந்தது, இப்போது மொத்தம் எத்தனை மணி என்று ஒப்பிடுங்கள். நடந்து பல நூறு மணி நேரம் சிக்கலின்றி ஓடியிருந்தால் பேசிப் பார்க்கலாம். போன மாதம் நடந்ததென்றால் அடுத்த காரைப் பாருங்கள்.