நார்டிக் நாடுகளில் முனைவர் ஆய்வு: நியமனமா, சேர்க்கையா?

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து முதலிய நார்டிக் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்கு இடம் தேடுவோரில் பலர் உலகத் தரவரிசையைப் பார்த்தே நாட்டைத் தீர்மானிக்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, கிடைக்கப்போவது சம்பளத்துடன் கூடிய நியமனமா, வெறும் சேர்க்கையா என்பதுதான்.

ஸ்வீடனில் முனைவர் மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். இடம் உருவாகும்போது விளம்பரம் வரும். வேறு எந்த வேலைக்கும் விண்ணப்பிப்பதுபோலவே இதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுக்காலம் முழுநேரக் கணக்கில் நான்கு ஆண்டுகள். கற்பித்தல் முதலிய துறைப் பணிகளுக்கு 20 சதவீதம் வரை நேரம் ஒதுக்கலாம் என்பதாலும், அந்த நேரம் ஆய்வுக்காலத்துடன் கூட்டப்படுவதாலும், பலருக்கு இது ஐந்து ஆண்டுகளாக நீள்கிறது. முதல் நியமன ஆணையில் ஓராண்டு என்றே இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். முதல் நியமனம் ஓராண்டைத் தாண்டக் கூடாது, பின்னர் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம் என்பதே அங்குள்ள விதி. சேர்வதற்கான பொதுத் தகுதிக்குரிய 240 கிரெடிட்டில் (ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட்) குறைந்தது 60 முதுநிலைப் படிப்பில் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், பி.டெக். மட்டும் முடித்தவர்களுக்கு இடறுவது அந்த 60தான்.

நார்வேயிலும் நியமனம்தான். மூன்று ஆண்டுகள், அல்லது 25 சதவீதக் கடமைப் பணியுடன் நான்கு ஆண்டுகள் என்று விளம்பரத்திலேயே குறிப்பிட்டுவிடுவார்கள். கற்பித்தல் அனுபவமும் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவதே மேல் என்பது என் கருத்து. பெரும்பாலான விளம்பரங்கள் ஜாப்நோர்கே (Jobbnorge) என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் வருகின்றன. விளம்பரத்தின் அடியில் பலர் படிக்காமல் கடந்துவிடும் ஒரு வரி உண்டு: பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாலும் அது விண்ணப்பதாரர்களின் பொதுப் பட்டியலில் இடம்பெறக்கூடும். இப்போது பணிபுரியும் இடத்துக்குத் தெரியாமல் விண்ணப்பிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டென்மார்க்கில் வழக்கமான கால அளவு மூன்று ஆண்டுகள். அதற்குள்ளேயே 840 மணி நேரம் துறைப் பணியும் அடங்கும். முதுநிலையிலேயே ஆய்வுக் கேள்வி தெளிவாகிவிட்டவருக்கு இது பொருந்தும். சோதனைகள் இழுத்துக்கொண்டே போகும் உயிரியல் போன்ற துறைகளுக்கு ஸ்வீடன்தான் பாதுகாப்பானது.

பின்லாந்தில் நிலைமை வேறு. சம்பளப் பணியிடங்கள் அங்கும் உண்டு. ஆயினும் முனைவர் திட்டத்தில் சேர்க்கை கிடைப்பதும் பணம் கிடைப்பதும் பல நேரங்களில் தனித்தனிக் காரியங்கள். சேர்க்கை ஆணை படிக்கும் உரிமையை மட்டும் தரும். கட்டணம் கிடையாது, சம்பளமும் கிடையாது. கோனே அறக்கட்டளை, பின்னிஷ் பண்பாட்டு அறக்கட்டளை போன்றவற்றின் நல்கைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நல்கை பெறுபவர் ஊழியர் அல்லர் என்பதால், ஓய்வூதியக் காப்பீட்டை மேலா என்ற நிறுவனத்தின் வழியே தாமே கவனித்துக்கொள்ள வேண்டும்; ஊழியர்களுக்குரிய பணிநல மருத்துவ வசதியும் தானாக வந்துவிடாது. சேர்க்கை கிடைத்த மகிழ்ச்சியில் பயணச்சீட்டு எடுப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆனால் சொந்த ஆய்வுக் கேள்வியோடு வரும் மானுடவியல், மொழியியல் மாணவருக்கு, பிறரது திட்டத்துக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லாத இந்த வழி உண்மையிலேயே பெரிய வாய்ப்பு.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும் நம்மவர் வழக்கமும் நாட்டுக்கு நாடு வேறு பலனைத் தருகிறது. பின்லாந்தில் நெறியாளரின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்கும் திட்டங்கள் பல இருப்பதால், தெளிவான ஆய்வுத் திட்டத்துடன் எழுதும் கடிதம் விண்ணப்பத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் அதே கடிதம் புதிய பணியிடத்தை உருவாக்கித் தருவது அரிது. விளம்பரம் வந்தபின், அதில் தொடர்புக்குரியவராகக் குறிப்பிடப்பட்டவரிடம் அந்தத் திட்டத்தைப் பற்றி இரண்டு கூர்மையான கேள்விகள் கேட்பதே பயன் தரும்.