பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லும் குரல்: செல்ஃப் ஹெல்ப் ப்ளஸ் பயிற்சி பற்றி ஒரு மதிப்புரை

போர் ஓய்ந்த ஊர்களில் மனத்துயருக்கு உதவி செய்ய முனைவோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் ஆள் பற்றாக்குறை. மோதல் நடந்த பகுதிகளில் வாழ்வோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவடு முதலிய மனநலச் சிக்கல்களில் ஏதேனும் ஒன்று இருக்கிறது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. அத்தனை பேருக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கிப் பேச, பயிற்சி பெற்ற உளவளத் துணையாளர்கள் அந்த ஊர்களில் இருப்பதில்லை. இந்த இடைவெளியை ஓரளவேனும் அடைப்பதற்காக அதே அமைப்பு உருவாக்கிய குழுப் பயிற்சிதான் செல்ஃப் ஹெல்ப் ப்ளஸ். போரில் காயமுற்றவர்கள் கூடும் குழுக்களோடு நெடுநாள் அமர்ந்து பழகியவன் என்ற முறையில், ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இதன் பாடங்களையும் படப் புத்தகத்தையும் அணுகினேன். காலை, கையை, கண்ணை, செவியைப் போரில் இழந்த ஒருவர் இந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும்?

பயிற்சியின் அமைப்பு எளிமையானது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீளும் ஐந்து அமர்வுகள். ஒரு குழுவில் முப்பது பேர் வரை இருக்கலாம். பாடத்தை நடத்துவது முன்பே பதிவு செய்யப்பட்ட ஒரு குரல். அந்த ஒலிப்பதிவை இயக்கி, இடையிடையே நிறுத்தி, பயிற்சிகளைச் செய்துகாட்டிக் குழுவைக் கவனித்துக்கொள்ளும் வழிநடத்துனர்கள் மனநல நிபுணர்களாக இருக்க வேண்டியதில்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே போதும். கலந்துகொள்பவர்களுக்குப் படங்களால் நிறைந்த ஒரு புத்தகம் கொடுக்கப்படுகிறது. 2020இல் வெளியான அந்தப் புத்தகத்தை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். மனம் கொந்தளிக்கும்போது நிலைகொள்ளுதல், பிடித்திழுக்கும் எண்ணங்களிலிருந்து கொக்கியைக் கழற்றிக்கொள்ளுதல், தனக்கு முக்கியமானவற்றின்படி செயல்படுதல், தன்னிடமும் பிறரிடமும் கனிவாக இருத்தல், வலிமிகுந்த உணர்வுக்கு உள்ளே இடம் கொடுத்தல் என்று ஐந்து திறன்களை அது கற்றுத் தருகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பயிற்சி எதைக் கேட்காமல் விடுகிறது என்பதுதான். யாரும் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. யார் இறந்தார், யார் காணாமற்போனார், எந்த நாளில் எந்தக் குண்டு விழுந்தது என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம்; பேசித் தீர்த்தால்தானே பாரம் குறையும் என்று அவர்கள் நினைப்பார்கள். ஆனால் போருக்குப் பிந்திய ஊரில், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எந்தப் பக்கம் இருந்தார், யாரிடம் எதைச் சொன்னார் என்பது தெரியாமலே ஆண்டுகள் கழிகின்றன. அங்கே மௌனம் பலருக்கு நோயின் அறிகுறி மட்டுமன்று, அவர்களைக் காத்துவரும் வேலியும்கூட. பயங்கர நிகழ்வு நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் அதை விவரிக்கச் சொல்லும் பழைய முறை பயன் தருவதில்லை என்று தெரிந்து, உலக சுகாதார அமைப்பே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. கதையைக் கறக்காமல் திறனை மட்டும் கற்றுத் தரும் இந்தப் பயிற்சியின் பணிவு, காயமுற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர்களின் பணிவு.

பயன் இருக்கிறதா என்பதற்கும் சான்று உண்டு. வடக்கு உகாண்டாவின் ரைனோ குடியேற்றத்தில், தென் சூடானிலிருந்து தப்பி வந்த 694 பெண்களிடம் இதைச் சோதித்து, முடிவுகளை 2020இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற பெண்களின் மனத்துயர் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பயிற்சி முடிந்த உடனே தெரிந்த மாற்றம் பெரிதாகவும், மூன்று மாதங்களுக்குப் பின் அதைவிடச் சிறிதாகவும் இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் பத்து மணி நேர வகுப்பு ஒருவரின் வாழ்வைத் திருப்பிப் போட்டுவிடும் என்று நம்பவைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் நிற்பவருக்கும் கடுமையான மனநோய் உள்ளவருக்கும் இது போதாது. அவர்களுக்கு வேறு சிகிச்சை வேண்டும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன்.

முதல் திறனான நிலைகொள்ளுதலில், மனக் கொந்தளிப்பைப் புயலாக உருவகித்து, அதில் அகப்பட்டவர் வேகத்தைக் குறைத்துத் தன் உடலோடு தொடர்புகொள்ளும்படி சொல்லப்படுகிறது. மெல்ல மூச்சு விடுவது, கைகளை நீட்டுவது, பாதங்களைத் தரையில் அழுத்துவது ஆகியவை அதற்கான வழிகள். உட்பொருள் மிகச் சரியானது. நினைவு பின்னோக்கி இழுக்கும்போது, இந்த நிமிடத்தில் இந்தத் தரைமேல் இருக்கிறேன் என்று உடலே மனத்துக்கு எடுத்துச் சொல்கிறது. ஆனால் கண்ணிவெடியில் பாதத்தை இழந்தவருக்கு அந்தச் சொற்கள் எங்கே போய் விழும்? அவர் மனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துப் போகும் நிகழ்வே ஒரு பாதம் தரையில் அழுந்திய கணம்தான். மீள்வதற்கென்று காட்டப்படும் கதவும் அவர் தப்ப நினைக்கும் அறையும் ஒன்றாகிவிடுகின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயிற்சியில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அமைப்பின் வகுப்பில், எல்லோரும் எழுந்து இரண்டு கால்களின் பாரத்தையும் உணருங்கள் என்று பயிற்றுநர் சொன்னார். ஊன்றுகோலோடு வந்திருந்த ஒருவர் மெல்ல எழுந்து வெளியே போனார்; மறுநாள் வரவேயில்லை. பின் வரிசையில் உதவியாளனாக உட்கார்ந்திருந்த நான், அவர் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். அன்றைய பயிற்றுநரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. கேட்பவரின் உடல் முழுமையாக இருக்கும் என்று அவர் கையிலிருந்த பாடம் நம்பியிருந்தது, அவ்வளவுதான். எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்து ஒரு மனிதர் தன் சொல்லை மாற்றிக்கொள்ள முடியும். பதிவு செய்த குரலால் அது முடியாது. ஆகவே செல்ஃப் ஹெல்ப் ப்ளஸ்ஸில் அந்தப் பொறுப்பு முழுவதும் வழிநடத்துனரின் தோளில் இறங்குகிறது.

கனிவு பற்றிய பாடத்திலும் இதே சிக்கல். ஒரு கையைக் கனிவால் நிரப்புவதாகக் கற்பனை செய்து, அந்தக் கையை உடலில் வலிக்கும் இடத்தின் மேல் மெல்ல வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதைப்போல மென்மையான பயிற்சியை நான் அதிகம் கண்டதில்லை. இரு கைகளையும் இழந்தவரோ, வலிக்கும் இடமே இப்போது இல்லாத ஒருவரோ இதை எப்படிச் செய்வது? துண்டிக்கப்பட்ட கை, கால்கள் இருந்த வெற்றிடத்தில் எரிச்சலும் முறுக்கலும் எழுவது பலர் அனுபவிக்கும் உண்மையான வலி. சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து அந்த வலியைத் தணிக்க வழி தேடினார். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் கண்ணுக்குக் காட்டும் முறை அது. கற்பனைக்கு உடலை ஆற்றும் வலிமை உண்டு என்பதை இந்த மக்கள் மற்றவர்களைவிட நன்கு அறிவார்கள். எனவே இந்தப் பாடத்தை நீக்கத் தேவையில்லை. கைக்குப் பதில் மூச்சை, பார்வையை, அருகில் இருக்கும் நம்பிக்கைக்குரியவரின் கையை வைத்துக்கொள்ளலாம் என்று வழிநடத்துனர் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு முன்கூட்டியே சொன்னால் போதும். ஒருவரை மட்டும் நோக்கிச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும்.

செவியின் கதை இதைவிடக் கடினம். வெடியின் அழுத்தத்தில் எளிதில் பழுதாகும் உறுப்புகளில் செவிப்பறை முதன்மையானது; போரிலிருந்து மீண்ட ஊரில் கேட்கும் திறன் குறைந்தவர்களும் காதில் ஓயாத இரைச்சலோடு வாழ்பவர்களும் நிறைய இருப்பார்கள். அவர்களில் பலர் தங்களை மாற்றுத்திறனாளிகள் என்று பதிவு செய்துகொள்வதில்லை. அத்தகைய ஊருக்கு ஒலிப்பதிவையே ஆசிரியராக அனுப்புவது செலவைக் குறைக்கும், பாடத்தின் தரத்தைக் காக்கும், ஆனால் சிலரைக் கூடத்தின் பின் வரிசையில் தலையாட்டிக்கொண்டு உட்கார வைத்துவிடும். காது கேளாதோருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இந்த வகுப்பு இல்லை என்றே சொல்லலாம். பார்வையற்றவர்களின் நிலை நேர்மாறானது. குரல் அவர்களுக்குப் பெரிய துணை. வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடுக்கும் படப் புத்தகம்தான் பயனற்றுப்போகிறது. அவர்களுக்குப் புத்தகத்துக்குப் பதில் ஒலிப்பதிவின் நகலைக் கைபேசியில் ஏற்றிக் கொடுக்கலாம்.

தலையில் அதிர்வு பட்டவர்களையும் மறக்கக் கூடாது. கவனச் சிதறல், மறதி, தூக்கமின்மை, சட்டென்று எழும் எரிச்சல் ஆகியவை மூளைக் காயத்தாலும் வரும், மனவடுவாலும் வரும். ஒரே ஆளிடம் இரண்டும் பின்னிக் கிடப்பதும் உண்டு. இரண்டு மணி நேரம் இடைவிடாமல் கேட்பது அவர்களுக்குத் தண்டனை. அமர்வை இரண்டாகப் பிரித்து நடத்தினால் நாட்கள் கூடும், கூடினால் கூடட்டும்.

போரால் உடல் ஊறுபட்டவர்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு கூட்டம் விடுபட்டுப்போகும். போருக்கு முன்பே நடக்க இயலாதவராக, கேளாதவராக, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவராக இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் ஓடியபோது ஓட முடியாமல் இருந்தவர்கள், எச்சரிக்கை ஒலி காதில் விழாதவர்கள், என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்லாத நிலையில் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். விட்டுச் செல்லப்பட்டோம், அல்லது நம்மைச் சுமந்ததால் இன்னொருவர் பின்தங்கினார் என்ற எண்ணம் அவர்களில் பலரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் இந்தப் பயிற்சியின் இரண்டாம் திறன் உண்மையிலேயே ஒளிர்கிறது. எண்ணம் பொய் என்று வாதாடாமல், அதை விரட்டாமல், நான் பாரம் என்ற எண்ணம் வந்திருக்கிறது என்று கவனித்துப் பெயரிட்டு, கண்முன் இருக்கும் வேலைக்குத் திரும்பும் முறை அது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் படுக்கையில் இருப்பவரும் அதைச் செய்யலாம். வலிமிகுந்த உணர்வை வானிலைபோல வந்து போகவிட்டு, தன்னை வானமாக எண்ணிக்கொள்ளும் ஐந்தாம் திறனும் அப்படியே. இப்பயிற்சி எதிலிருந்து பிறந்ததோ அந்த உளச்சிகிச்சை முறை நாள்பட்ட உடல்வலிக்கும் பயன்பட்டு வருவதால், ஊனத்தோடு வாழ்வோருக்கு இது இரட்டை உதவி.

மூன்றாம் திறனில் எனக்குத் தயக்கம் உண்டு. துன்பமான சூழலை விட்டு விலகுவது, மாற்ற முடிந்ததை மாற்றி முடியாததன் வலியை ஏற்றுக்கொண்டு வாழ்வது, கைவிட்டுச் சோர்வது என்று வழிகள் வகுக்கப்படுகின்றன. குளிக்கவும் உண்ணவும் ஒருவரை நம்பி இருப்பவர், அந்த ஒருவரே தன்னை வதைத்தால், விலகிப் போவது எங்கே? படிக்கட்டுகள் மட்டுமே உள்ள அலுவலகமும் வேலை தர மறுக்கும் முதலாளியும் ஏற்றுக்கொள்ள வேண்டிய வலியா, மாற்ற வேண்டிய அநீதியா? போரின் நினைவைப் போலவே அன்றாட வறுமையும் ஒதுக்கலும் மனத்தை அரிக்கின்றன. ஆயுத மோதலிலும் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பை உறுதி செய்வது அரசுகளின் கடமை என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு சொல்லியிருக்கும்போது, அவர்களின் மனத்துயரை மூச்சுப் பயிற்சியால் மட்டும் தீர்க்க முயல்வது சரியாகாது. இந்தப் பாடத்தை நடத்தும் நாளில் உதவித்தொகை, சட்ட உதவி, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.

நடைமுறையில் நான் காணும் பெரிய பழுது பயிற்சிக்கு வெளியே இருக்கிறது. செயற்கைக் கால் ஒரு கட்டடத்திலும் மனநல உதவி இன்னொரு கட்டடத்திலும் கிடைக்கின்றன. காலை அளவெடுப்பவர் தூக்கம் வருகிறதா என்று கேட்பதில்லை. மனநலக் குழுவினர் படியேறி வர முடிந்ததா என்று கேட்பதில்லை. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் கொள்வது, தன் உடலைப் பேணுவது, பிறருடன் தொடர்புகொள்வது என்று ஆறு சிரமங்களைக் கேட்டறியும் வாஷிங்டன் குழுவின், அதாவது ஊனம் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா. அமைத்த குழுவின், சிறு வினாத்தொகுப்பு கையடக்கமானது. ஆட்களைச் சேர்க்கும்போதே அதைக் கேட்டுவிட்டால், முதல் நாளுக்கு முன்பே யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த ஆறு கேள்விகளில் பதற்றமோ சோர்வோ இடம்பெறவில்லை என்பதையும் நினைவில் கொண்டு, அவற்றைத் தனியே கேட்க வேண்டும்.

மொத்தத்தில் இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் பெட்டியைத் திறந்து அப்படியே ஓடவிட அல்ல. முதல் அமர்வுக்கு முன் வழிநடத்துனர்கள் ஒலிப்பதிவு முழுவதையும் ஊனமுற்ற இருவர் மூவரோடு உட்கார்ந்து கேட்டு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவரே வழிநடத்துனராக அமர்ந்தால் இன்னும் நல்லது. நாள்தோறும் உடன் இருந்து தூக்கி இறக்கும் தாயோ துணையோ வந்தால் அவர்களுக்கும் ஓர் இடமும் ஒரு புத்தகமும் தர வேண்டும், ஏனெனில் அவர்களும் அதே போரைக் கடந்து வந்தவர்கள். நாற்காலிகளைப் போடும்போது, யாரையும் தாண்டாமல் எழுந்து போகவும் கேள்வி இல்லாமல் திரும்பி வரவும் முடியும்படி கதவோரமாகச் சில இடங்களை விட்டுவைக்க வேண்டும். எழுந்து போனவர் பின்னால் ஒருவர் மெதுவாகப் போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.