ஃபைல்பாட்: வரிசையைச் சரியாகக் கொடுத்தால் பெயரும் சரியாக வரும்

சொந்த டிவிடியை மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினால், கிடைக்கும் ஃபைல்களுக்கு 'டைட்டில்_டி00', 'டைட்டில்_டி01' என்பது போலத்தான் பெயர் இருக்கும். சேமித்த வீடியோக்களைப் போஸ்டரோடு அடுக்கிக் காட்டும் பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி எதுவும் அதை வைத்து எந்தத் தொடர், எத்தனையாவது எபிசோட் என்று கண்டுபிடிக்காது. ஒரு சீசனுக்கு இருபத்து சொச்சம் எபிசோட், ஏழெட்டு சீசன் என்றால் கையால் பெயர் மாற்றுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். அந்த வேலையைச் செய்ய இருக்கும் மென்பொருள்களில் ஃபைல்பாட் இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அது எதைப் பார்த்துப் பெயர் வைக்கிறது என்று தெரியாமல் பட்டனை அழுத்தினால், ஒரு சீசன் முழுவதும் தவறான பெயரோடு மிக நேர்த்தியாக அடுக்கப்பட்டுவிடும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சினாலஜி, க்யூநாப் நிறுவனங்களின் நாஸ் பெட்டிகளிலும் (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) நிறுவலாம். 4.7 வரிசை வரை இலவசமாகக் கிடைத்தது. இப்போது பெயர் மாற்றும் வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும். ஆண்டு உரிமமும் உண்டு, ஆயுள் உரிமமும் உண்டு. உரிமம் ஒரு சிறிய ஃபைலாக வரும், அதை இழுத்து ஃபைல்பாட் ஜன்னலில் போட்டால் போதும். மேசைக் கணினி, நாஸ் இரண்டிலும் ஒரே உரிமத்தைப் பயன்படுத்தலாம்.

திரை இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கும். இடது பக்கம் 'ஒரிஜினல் ஃபைல்ஸ்', வலது பக்கம் 'நியூ நேம்ஸ்', நடுவில் 'மேட்ச்', 'ரீநேம்' என்று இரண்டு பட்டன்கள். ஃபோல்டரை இழுத்து இடது பக்கம் போட வேண்டும். வலது பக்கத்தின் அடியில் உள்ள 'ஃபெட்ச் டேட்டா'வை அழுத்தி எபிசோட் பட்டியலை இணையத்தில் உள்ள எந்தத் தரவுத்தளத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், தொடரின் பெயரை ஃபைல் பெயரிலிருந்து ஊகித்து அந்தப் பட்டியலை இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே புதிய பெயர் வந்து உட்காரும். நிச்சயமில்லாத ஜோடிகள் சிவப்பு நிறத்தில் தெரியும். அந்த வரிகளில் கண்ணை ஓட்டாமல் 'ரீநேம்' பக்கம் போகக் கூடாது. ஜோடி தவறியிருந்தால் வரியைப் பிடித்து மேலே கீழே இழுத்துச் சரிசெய்யலாம்.

வீடியோவுக்குள் என்ன ஓடுகிறது என்று ஃபைல்பாட் பார்ப்பதில்லை. ஃபைல் பெயரிலும் ஃபோல்டர் பெயரிலும் உள்ள தொடர் பெயர், சீசன் எண், எபிசோட் எண், தேதி, தலைப்பு ஆகியவற்றைத் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது. அதனால் 'டைட்டில்_டி03' என்ற பெயரை மட்டும் கொடுத்தால் அதற்குப் பிடிமானமே கிடையாது. முதலில் ஃபோல்டருக்குத் தொடர் பெயரையும் சீசன் எண்ணையும் வைத்து, ஃபைல்களைச் சரியான வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் 'எஸ்01இ01' (சீசன் 1, எபிசோட் 1) பாணியில் எண் கொடுத்துவிட வேண்டும். டிவிடியில் டைட்டில் (வட்டில் உள்ள தனித்தனி வீடியோ) எண்கள் எபிசோட் வரிசையிலேயே இருக்கும் என்று நம்ப முடியாது. மற்றவற்றைவிட மூன்று நான்கு மடங்கு நீளமான டைட்டில் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் வட்டில் உள்ள எல்லா எபிசோடுகளையும் சேர்த்து ஓட்டும் 'பிளே ஆல்'. அதை முதலில் தூக்கி வெளியே வையுங்கள். அது உள்ளே இருந்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போகும்.

அடுத்து, எந்த வரிசை? இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். 'ஃபயர்ஃப்ளை' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14 எபிசோட். 2002 செப்டம்பர் 20 அன்று ஃபாக்ஸ் சேனல் முதலில் ஒளிபரப்பியது 'தி டிரெயின் ஜாப்'. கதையின் உண்மையான தொடக்கமான, இரண்டு மணி நேர 'செரினிட்டி' டிசம்பர் 20 அன்று கடைசியாகத்தான் வந்தது. மூன்று எபிசோடுகளை ஃபாக்ஸ் ஒளிபரப்பவே இல்லை. டிவிடி பெட்டியிலோ எல்லாம் கதை வரிசையில், 'செரினிட்டி'யில் தொடங்கி இருக்கும். டிவிடியிலிருந்து எடுத்த முதல் ஃபைலுக்கு எஸ்01இ01 என்று பெயர் வைத்து, ஃபைல்பாட்டில் வரிசையை 'ஏர்டேட்' (ஒளிபரப்பு வரிசை) என்றே விட்டுவிட்டால், 'செரினிட்டி'யின் தலையில் 'தி டிரெயின் ஜாப்' என்ற பெயர் ஏறும். இரண்டாவது ஃபைலான உண்மையான 'தி டிரெயின் ஜாப்'புக்கு 'புஷ்வாக்டு' என்று பெயர் வரும். எண்ணுக்கு எண் கச்சிதமாகப் பொருந்துவதால் ஒரு வரிகூடச் சிவப்பாகாது. ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். 'ஃபெட்ச் டேட்டா' மெனுவில் 'பிரிஃபரன்சஸ்' போய் எபிசோட் வரிசையை டிவிடி என்று மாற்றிவிட்டு மறுபடி இறக்கினால் சரியாகிவிடும்.

அதோடு முடியவில்லை. மீடியா சர்வர் ஃபைல் பெயரில் உள்ள தலைப்பைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ஃபைல்பாட்டில் டிவிடி வரிசை, பிளெக்ஸில் ஒளிபரப்பு வரிசை என்று இருந்தால், ஃபைல் பெயர் சரியாக இருந்தும் திரையில் தவறான தலைப்பும் கதைச் சுருக்கமும் வரும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டிலும் ஒவ்வொரு தொடருக்கும் தனியாக வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே தரவுத்தளம், ஒரே வரிசை. இதை மறந்தால் மற்ற எல்லாம் வீண்.

தரவுத்தளம் நான்கு: தி டிவிடிபி, டிஎம்டிபி, டிவிமேஸ், அனிமேக்காக அனிடிபி. டிவிடி வரிசை வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது தி டிவிடிபி. சிறப்பு எபிசோடுகள் அங்கே சீசன் 0-வில் இருக்கும். கிறிஸ்துமஸ் ஸ்பெஷலுக்கு எஸ்01இ13 என்று எண் வைத்திருந்தால் பொருந்தாது. ஒரே பெயரில் இரண்டு தொடர்கள் இருந்தால் ஆண்டைச் சேர்த்தே ஆக வேண்டும். 'தி ஆபிஸ்' 2001-இல் பிரிட்டனிலும் 2005-இல் அமெரிக்காவிலும் வந்தது. 'டாக்டர் ஹூ'வுக்கு 1963-க்கும் 2005-க்கும் தனித்தனிப் பதிவுகள். ஃபோல்டர் பெயரிலேயே ஆண்டை எழுதிவிடுங்கள், பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

'ஒன் பீஸ்' போல ஆயிரம் எபிசோடைத் தாண்டிய அனிமே என்றால் சீசன் கணக்கே வேண்டாம், 'அப்சல்யூட்' எனப்படும் தொடர் எண்ணை எடுங்கள். அனிடிபி வேகமாகக் கேள்வி கேட்கும் மென்பொருளைத் தற்காலிகமாகத் தடைசெய்துவிடும். அதனால் நூறு தொடர்களை ஒரே மூச்சில் போடாமல், ஒவ்வொன்றாகப் போடுவதே நல்லது. தமிழ் நெடுந்தொடர்களைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஐந்து ஆறு நாள் ஓடும் தொடர்களின் பட்டியல் பல இடங்களில் பாதியில் நிற்கிறது, தலைப்பும் இருக்காது. ஃபைல் பெயரில் ஒளிபரப்பான தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்திருந்தால் ஓரளவு பொருந்தும்.

புதிய பெயரின் வடிவத்தை நீங்களே அமைக்கலாம். சுருள் அடைப்புக்குறிக்குள் 'என்' எழுத்து தொடரின் பெயர், 'டி' எபிசோட் தலைப்பு, 'எஸ்00இ00' இரண்டிரண்டு இலக்க எண்கள். இதைக் கற்க விருப்பமில்லை என்றால் அடைப்புக்குறிக்குள் 'பிளெக்ஸ்' என்று ஒரே சொல்லை எழுதினால் போதும், சீசன் ஃபோல்டர் உட்பட எல்லாம் பிளெக்ஸ் கேட்கும் முறையில் வந்துவிடும். தலைப்பைத் தமிழ் எழுத்தில் வைக்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் 3 பைட். 'கொ' என்ற ஓர் எழுத்தில் இரண்டு குறியீடுகள் இருப்பதால் 6 பைட். ஆக, மொத்தம் 85 குறியீடுகள்தான் கொள்ளும். தொடர் பெயர், எண், நீளமான தலைப்பு, 1080பி என்று சேர்த்துக்கொண்டே போனால் நாஸ் பெட்டி மறுத்துவிடும். தலைப்பைக் கைவிடுங்கள், எண் இருந்தால் போதும்.

வசனக் கோப்புகளையும் வீடியோவோடு சேர்த்தே உள்ளே போடுங்கள். டிவிடியிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த வசனம் பொதுவாக 'ஐடிஎக்ஸ்', 'சப்' என இரண்டு ஃபைலாக இருக்கும். ஒன்றின் பெயர் மட்டும் மாறினால் இரண்டும் பயனற்றுப் போகும்.

'ரீநேம்' பட்டனில் வலது கிளிக் செய்தால் நகர்த்து, நகலெடு, ஹார்ட்லிங்க், சிம்லிங்க் என்ற தேர்வுகள் வரும். மூல ஃபைல் இருந்த இடத்திலேயே, பழைய பெயரோடு இருக்க வேண்டும், இடமும் இரட்டிக்கக் கூடாது என்றால் ஹார்ட்லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இரண்டாவது பெயர். ஆனால் இரண்டு ஃபோல்டர்களும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால்தான் நடக்கும். கட்டளை வரியில் ஓட்டுவோர் முதல் முறை 'டெஸ்ட்' என்ற ஆக்‌ஷனோடு ஓட்ட வேண்டும். அது எதையும் தொடாது, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும்.

ஒருமுறை தவறாகப் பெயர் வைத்த பிறகு, திரும்பத் திரும்ப அதே தவறு வருகிறது என்பார்கள் சிலர். காரணம் இது: எந்த எபிசோட் என்ற விவரத்தை ஃபைல்பாட் ஃபைலோடு ஒட்டிய 'எக்ஸ்டெண்டெட் ஆட்ரிபியூட்' பகுதியில் எழுதிவைக்கிறது. அடுத்த முறை அதையே முதலில் நம்புகிறது. பெயரை மட்டும் பழையபடி மாற்றினால் போதாது, அந்தப் பகுதியையும் அழிக்க வேண்டும். நேற்று சேர்க்கப்பட்ட எபிசோட் இன்று பட்டியலில் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் வேறு, அது கேஷ், அதாவது முன்பு இறக்கிய பட்டியலின் தற்காலிகச் சேமிப்பு. அதைக் காலிசெய்துவிட்டு மறுபடி இறக்கவும்.

லினக்ஸ் வகையான உபுண்டுவில், ஃபைல்களை அணுகக் கட்டுப்பாடு உள்ள 'ஸ்னாப்' பதிப்பை நிறுவியவர்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் தெரியாமல் போகலாம். ஃபைல்பாட்டில் குறையில்லை, ஸ்னாப்பில் 'ரிமூவபிள் மீடியா' அனுமதியைக் கொடுத்தால் தெரியும்.

வாரா வாரம் வரும் புதிய எபிசோடுகளைத் தானாகவே அடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இலவசமான சோனார் பொருத்தம். போஸ்டர், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் ஃபைலாகவே பக்கத்தில் சேமிக்க விரும்பும் கோடி பயனாளர்களுக்கு டைனிமீடியாமேனேஜர். கண்டபடி பெயர் வைத்துக் குவிந்து கிடக்கும் பழைய சேமிப்பை ஒழுங்குசெய்ய வேண்டும் என்றால் ஃபைல்பாட்டுக்குக் காசு கொடுக்கலாம். அதற்கு முக்கியக் காரணம் 'ஹிஸ்டரி' வசதி. எந்த ஃபைலுக்கு முன்பு என்ன பெயர், எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதையெல்லாம் குறித்துவைத்து, பல நாள் கழித்தும் 'ரிவர்ட்' மூலம் திருப்பிக் கொடுக்கும். நடுவில் நீங்கள் அந்த ஃபைல்களைக் கையால் வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தால் மட்டும் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. அதனால் ஒரு சீசனை மாற்றியதும் முதல், நடு, கடைசி என்று மூன்று எபிசோடுகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு நகர்த்துங்கள்.