பொம்பாவா, சேனியாவா? வலென்சியாவில் நான் வாங்கும் அரிசி

ஸ்பெயினின் வலென்சியாவுக்குக் குடிவந்த புதிதில் பயேயா (அகலமான சட்டியில் சாறு ஊற்றிச் செய்யும் இந்த ஊர்ச் சோறு) செய்ய பொம்பா அரிசியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது என் டப்பாவில் இருப்பது சேனியா என்ற இன்னொரு ரகம்.

இரண்டுமே குண்டு ரகம். இரண்டும் நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள வயல்களில் விளைகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். நான் வாங்கும் கடையில் பொம்பா ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம், அதன் பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு.

பொம்பாவில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம். அடுப்பில் 2 நிமிடம் கூடிப்போனாலும் குழையாமல் உதிரியாக நிற்கும். விருந்தாளிகள் எப்போது வருவார்கள் என்று தெரியாத நாளில் அதுதான் நல்லது.

அப்புறம் ஏன் மாறினேன்? சாறுக்காக. இந்த ஊர் பயேயாவில் கோழி, முயல், பட்டை பீன்ஸ், கரோஃபோ (நம் டபுள் பீன்ஸ் இனம்), தக்காளி, குங்குமப்பூ எல்லாம் கொதித்து இறங்கும் சாறுதான் ருசி. கறி அதற்குப் பிறகுதான். ஒரு ஞாயிறு ஒரே சாற்றை இரண்டு சட்டியில் பிரித்து ஊற்றி இரண்டையும் சமைத்தேன். பொம்பா பார்க்க அழகாக வந்தது, ஆனால் ருசி சோற்றின் மேலோடு நின்றுவிட்டது. சேனியாவில் கடித்த ஒவ்வொரு பருக்கையிலும் முயல் கறியின் வாசம். அடியில் பிடித்த காந்தலுக்கு, இங்கே சொக்கராட் என்பார்கள், வீட்டில் சண்டையே வந்தது.

ஆனால் சேனியாவோடு கவனமாக இருக்க வேண்டும். 17-வது நிமிடத்தில் சரியாக இருந்த பதம் 20-இல் போய்விடும். முதல் மூன்று தடவை நாங்கள் சாப்பிட்டது முயல் பொங்கல்! இப்போது எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அரிசியைப் போடுகிறேன். கைபேசியில் மணி வைத்துவிட்டு, கரண்டியைத் தொடாமல் சட்டியருகிலேயே நிற்கிறேன். இறக்கி 5 நிமிடம் விட்டு உடனே பரிமாறிவிட வேண்டும். மிச்சம் வைத்து இரவில் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஓவனில் வேகவைக்கும் 'அர்ரோஸ் அல் ஓர்னோ'வுக்கு என்னை நம்ப வேண்டாம். ஒரே முறை செய்தேன், சுமார்தான். இரண்டையும் கலந்து உருவாக்கிய அல்புஃபேரா என்ற ரகமும் கடையில் கிடைக்கிறது. ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.