மாரி விடுமுறை: எழுவான்கரையா, படுவான்கரையா?

டிசம்பர் விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சும் வந்துவிடும். பிள்ளைகள் இரண்டு பேரும் பாசிக்குடாக் கடற்கரை என்பார்கள். மனைவிக்கு அன்றைக்குச் சமையல் இல்லாமல் இருந்தால் எந்த இடமும் சரி. மாமி மட்டும் ஒரு கேள்வி கேட்பார்: "மழை வந்தா எங்க மருமகன் ஒதுங்குறது?" பல வருடம் இதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன். இப்போது இடத்தைத் தீர்மானிப்பதே அந்தக் கேள்விதான்.

நுவரெலியாவில் குளிர்காலம் என்றால் கம்பளிச் சட்டை. மட்டக்களப்பில் அது மாரி. வாடைக்காற்று திரும்பியதும் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரிக்குள் கொட்டிவிடும். படத்தில் பார்த்த நீலக் கடலைத் தேடி டிசம்பரில் வருகிற உறவினர்கள், பழுப்பு நிறத்தில் உறுமுகிற கடலைப் பார்த்து முகம் சுருங்குவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். கிழக்குக் கடல் குளிக்க ஏற்றது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும்தான். டிசம்பரில் அடங்கிக் கிடப்பது தென்மேற்கே ஹிக்கடுவைப் பக்கத்துக் கடல்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற கடலோரம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படுகிற வயல் பக்கம் படுவான்கரை. மாரியில் குடும்பத்தோடு வெளிக்கிடுகிறவர் முதலில் எந்தக் கரை என்று முடிவெடுத்தால் போதும். மிச்சம் தானாக வரும்.

எழுவான்கரையின் ராசா பாசிக்குடா. நகரத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர், நல்ல வீதி. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது என்பதுதான் அதன் பெருமை. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் கோடையில் அதற்கு ஈடாக வேறு இடம் இல்லை. மாரியில் கதை வேறு. குடாவுக்குள் அலை, நகரத்தை ஒட்டிய கல்லடிக் கடலைவிடக் குறைவுதான். ஆனால் நீர் கலங்கிக் கிடக்கும், காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும், குளித்துவிட்டு ஏறும் பிள்ளை வாடையில் வெடவெடக்கும். நாங்கள் ஒருமுறை வானம் வெளித்திருக்கிறதே என்று காலையிலேயே புறப்பட்டோம். செங்கலடி தாண்டும்போது வடக்கே கறுத்தது. போய்ச் சேர்ந்து அரை மணித்தியாலத்தில் பிடித்த மழை மூன்று மணி வரை விடவில்லை. சோத்துப் பார்சலை வேனுக்குள்ளேயே பிரித்துச் சாப்பிட்டோம். கண்ணாடி முழுக்க ஆவி. சின்னவன் அதில் விரலால் மீன் வரைந்தான். அன்றைக்கு அவன் பார்த்த மீன் அது ஒன்றுதான்.

இருந்தாலும் பாசிக்குடாவை அடியோடு தள்ளவும் மாட்டேன். பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசியில் மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயில் காய்ந்தால் போகலாம். கூட்டம் இருக்காது, விடுதிக்காரரும் வாடகையில் இறங்கி வருவார்கள். டிசம்பர் 26 காலையில் மட்டும் கடலுக்குக் குளிக்கப் போகிற எண்ணம் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் காலை இந்தக் கரையில் பூவோடும் விளக்கோடும் போகிற காலை. கல்லடியில் சாய்ந்து நிற்கிற திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைக் காட்டி, ஏன் சாய்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நாளும் இல்லை.

நகரத்துக்குள்ளேயே சுற்றுவதை அரை நாள் திட்டமாக வைத்துக்கொள்ளலாம். காந்தி பூங்காவில் வாவிக்காற்று, பக்கத்தில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு. மழை வந்தால் ஒரு தேநீர்க் கடை, இல்லாவிட்டால் ஒரு ஓட்டோ. மாமியின் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. வாவிக்குள்ளிருந்து பாடுவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைக் கேட்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது கோடைகாலத்துப் பூரணை இரவுகளின் சங்கதி. மாரிக்கென்று வேறொரு காட்சி உண்டு. வெள்ளம் ஏறி, அது வடிய முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால், வாவித் தண்ணீர் மணல்திட்டைப் பிளந்துகொண்டு கடலில் பாய்வதைப் பார்க்க ஊரே கூடும். தூரத்தில் நின்று பாருங்கள். அந்த மணற்கரை அடியில் அரிபட்டுத் திடீரென்று சரியும், பிள்ளையின் கையை விடக்கூடாது.

இனிப் படுவான்கரை. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குள் நுழைந்ததுமே கண்ணுக்குக் குளிர்ச்சி. பெரும்போக வேளாண்மை அந்த நேரம் பச்சைப்பசேலென்று நிற்கும். கோடையில் போனால் இதே வயலில் அறுத்த தாளின் ஒட்டு மட்டும்தான். ஆயித்தியமலைப் பக்கமாக உன்னிச்சைக் குளத்துக்குப் போகலாம். நகரத்து வீட்டுக் குழாய்களில் வருகிற தண்ணீரின் தாய் வீடு அது. இதைச் சொன்ன பிறகு என் மகள் பல் தீட்டும்போது குழாயைப் பூட்ட ஆரம்பித்தாள், அது எவ்வளவு நாளைக்கோ தெரியாது. குளக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், கூழைக்கடாக்கள், அந்தப் பக்கம் காட்டுக் கோடு. மழை கூடி வான் பாயும்போது, அதாவது குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழியும்போது, பார்க்க இன்னும் அழகு.

அந்த அழகில்தான் ஆபத்தும் இருக்கிறது. வான் பாய்கிற இடத்துக்குக் கீழே இறங்கி விளையாடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். குளத்துக் கதவைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் முழங்கால் தண்ணீர் கழுத்துக்கு வர நேரம் எடுக்காது. குளங்களிலும் வாவியிலும் முதலை உண்டு. ஆகவே உன்னிச்சை பார்க்கிற இடம்தான், குளிக்கிற இடம் இல்லை என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். யானையும் அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரர். நான்கு மணிக்குத் திரும்பி, வழியில் ஒரு சட்டித் தயிரையும் வாங்கிக்கொண்டு பாலம் ஏறிவிடுவது எங்கள் வழக்கம்.

ஒதுங்க இடம் முக்கியம் என்றால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் மண்டபத்தில் எந்த மழைக்கும் உட்காரலாம். முந்தி மண்முனைத் துறையில் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவைக்கு, காத்திருந்து வாவியைக் கடப்போம். 2014இல் பாலம் வந்தபின் அது சில நிமிட வேலை. வேகம் கூடியது நல்லதுதான், ஆனால் பாதையில் போன பயணமே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாக இருந்திருக்கும் என்று தோன்றாமல் இல்லை.

அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானை பார்க்கிற ஆசை உள்ளவர்கள் மார்ச் வரை பொறுக்கலாம். நீர் வற்றத் தொடங்கினால்தான் அவை கரைக்கு இறங்கும். அலைச்சறுக்குக் கடற்கரையான அறுகம்பேயும் மாரி மாதங்களில் தூங்குகிறது. அதோடு, கடுமழை நாளில் காரைதீவு-மாவடிப்பள்ளி வீதிப் பக்கம் திரும்பவே வேண்டாம். 2024 நவம்பரில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது அங்கேதான். வீதிக்கு மேலே தண்ணீர் ஓடினால் வாகனத்தைத் திருப்புகிறவரே நல்ல சாரதி.

எனது வாக்கு இவை எதற்கும் இல்லை. மகா ஓயாச் சுடுதண்ணிக் கிணறுகளுக்குத்தான். செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் போகவேண்டும். மாவட்டக் கணக்கில் அம்பாறை, வழிக்கணக்கில் நமக்குப் பக்கம். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்கள் அதே நினைப்பில் வாளியைச் சரிக்க வேண்டாம், இங்கே சூடு அதிகம். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். சிலவற்றில் கை வைக்கவே முடியாது. முதலில் பெரியவர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்த கிணற்றில்தான் பிள்ளைகளுக்கு அள்ளி ஊற்ற வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டு வாளியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திரும்பும் வழியிலும் யானைக் கணக்கு உண்டு, இருட்டு முன் செங்கலடிக்கு வந்துவிட வேண்டும்.

மே மாத வெயிலில் இங்கே வந்தால் யாரும் இரண்டாவது வாளி கேட்கமாட்டார்கள். மாரியில் நிலைமை தலைகீழ். காற்று குளிர, தண்ணீர் சுட, பிள்ளைகளைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. பாசிக்குடாவில் நாளைக் கெடுத்த அதே மழை இங்கே வந்தால் குளிப்புக்கு இன்னும் ருசி.

போன முறை நாங்கள் போனபோது பதினொரு மணிக்குத் தூறல் தொடங்கியது. பழக்க தோசத்தில் நான் தறப்பாளை எடுக்க வேன் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மாமி வாளியைக் கீழே வைக்கவே இல்லை.