தேக்கு கிழிக்கக் கேட்டால் அலுமினியம் அறுக்கிற பிளேடைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

சர்க்குலர் ரம்பத்துக்கு (வட்ட பிளேடு சுழன்று அறுக்கிற கை மெஷின்) 7 இஞ்ச் பிளேடு வாங்குகிறவர்கள், அட்டையிலும் ஸ்டிக்கரிலும் இருப்பதை நம்பாதீர்கள், பிளேடை வெளியே எடுத்துப் பல்லைப் பாருங்கள். கடை பெயர் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது.

வாசல் நிலைக்குத் தேக்கு, ஒன்றரை இஞ்ச் கனம், நெடுக்கில் கிழிக்கணும். 24 பல், டிசிடி (பல் முனையில் டங்ஸ்டன் கார்பைடு வைத்தது), மரத்துக்கு என்று சீட்டில் எழுதித்தான் பையனை அனுப்பினேன். வந்தது 60 பல். கடைக்குப் போன் போட்டால், "அண்ணே, 24 ஸ்டாக் இல்ல, இதுவும் மரத்துக்குத்தான், பல்லு ஜாஸ்தி, இன்னும் சுளுவா அறுக்கும்" என்கிறார். ஸ்டிக்கரிலும் மரம் என்றுதான் இருந்தது.

ஒரு அடி கூடப் போகவில்லை, புகை. வெட்டு ஓரம் இரண்டு பக்கமும் கருகிப்போய், மெஷின் திணறி, பலகை பிளேடைக் கவ்வி, மொத்தமும் என் பக்கம் எகிறியது. பிளேடை மூடும் கார்டு இருந்ததால் தொடை தப்பியது. ஆறவிட்டு, கழற்றி, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் தகட்டிலேயே அலுமினியத்துக்கு என்று அச்சு!

சந்தேகம் இருந்தால் பல்லே காட்டிக்கொடுத்துவிடும். மரம் கிழிக்கிற பிளேடில் பல் சுழலும் திசையில் நன்றாக முன்னால் சாய்ந்து, கொத்தி இழுக்கிற மாதிரி இருக்கும். அலுமினிய பிளேடில் பெரும்பாலும் நிமிர்ந்தோ லேசாகப் பின்னால் சாய்ந்தோ நிற்கும், உலோகத்தைக் கவ்வி இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. கூடவே ஒரு பல் தட்டையாகவும் அடுத்தது இரண்டு முனையும் சீவியும் மாறி மாறி வரும். இதைத் தேக்கில் நெடுக்கே ஓட்டினால் அறுக்காது, தேய்க்கும். போதாததற்கு 60 பல்லில் இடைக்குழி சின்னது, நெடுக்கு வெட்டில் வரும் நீளமான தூள் வெளியேற வழியில்லாமல் அங்கேயே அடைத்து, சூடேறி, கருகும். பல் ஜாஸ்தியாக இருந்தால் சீக்கிரம் அறுக்கும் என்பது சுத்தப் பொய். 7 இஞ்ச்சில் நெடுக்குக்கு 24, கலந்த வேலைக்கு 40, பிளைவுட் ஓரம் பிசிறாமல் வர 60. அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் நடுத்துளை 20, 25.4, 30 மிமீ என்று பலவிதமாக வருகிறது, லூசாக இருக்கிற வளையத்தைப் போட்டுச் சமாளிக்கச் சொன்னால் வாங்காதீர்கள். பிளேடில் அச்சிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) மெஷினுடையதைவிடக் குறையக் கூடாது, ஸ்டிக்கர் அதை மறைத்திருந்தால் கடையிலேயே உரிக்கச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "ஓட்டின பிளேடை எடுக்க மாட்டோம், பில்லுலயே போட்டிருக்கே." ஓட்டாமல் எப்படித் தெரியுமாம்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்கிறவர் சொன்ன தரம் இல்லாத பொருளும் குறைபாடுள்ள பொருள்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் அதைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன். அதற்கப்புறம் கடையிலிருந்தே கூப்பிட்டு வேறு பிளேடு தருகிறேன் என்கிறார்கள். எனக்குப் பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கருகிய பலகைக்கு யார் பணம் தருவது என்பதையும் கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.