ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல்: ஓராண்டுப் பாடத்தின் மதிப்பீடு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் சேரவிருக்கும் பிள்ளைகள் பலருக்கு, எட்டாம் வகுப்பு முடிவதற்கு முன்பே அறிவியல் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்துவிடுகிறது. என் மகள் படிக்கும் பொதுப்பள்ளியில் உயிரியல், ஹானர்ஸ் உயிரியல் (அதே பாடத்தின் சற்றுக் கடினமான வடிவம்), இயற்பியல் ஆகிய மூன்றும் இருந்தன. எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் பெரும்பாலோர் ஹானர்ஸ் உயிரியலைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் இயற்பியலை எடுத்தோம். பாடம் முடிந்துவிட்ட நிலையில், அடுத்து இதே படிவத்தை நிரப்பவிருக்கும் பெற்றோருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

உயிரியல், பிறகு வேதியியல், பிறகு இயற்பியல் என்ற வரிசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெறத் தொடங்கிய ஒன்று. அன்றைய உயிரியல் பெரும்பாலும் செடிகொடிகளையும் விலங்குகளையும் கூர்ந்து நோக்கி வகைப்படுத்தும் பாடமாக இருந்ததால், அதை முதலில் வைத்ததில் பொருள் இருந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் 1953இல் வெளியான பிறகு அந்தப் பாடம் அடியோடு மாறிவிட்டது. இன்று பதினான்கு வயதுப் பிள்ளை, ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்னவென்று வேதியியலில் படிப்பதற்கு முன்பே, புரதம் உருவாகும் முறையையும் ஒளிச்சேர்க்கையின் வினைகளையும் எழுத வேண்டியிருக்கிறது. இதனால் புரிந்துகொள்ள வேண்டியதை மனப்பாடம் செய்யும் பழக்கம் முதல் ஆண்டிலேயே படிந்துவிடுகிறது என்பது என் கவலை. 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட லியோன் லெடர்மன் இந்த வரிசையைத் தலைகீழாக்கி இயற்பியலை முதலில் வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். எங்கள் முடிவுக்கும் அதுவே அடிப்படை.

இப்பாடத்தின் பெரும் பலம் ஆய்வகம். முதல் வாரங்களில் பேட்டரியால் ஓடும் சிறு பொம்மை வண்டி ஒன்றைத் தரையில் ஓடவிட்டு, ஒவ்வொரு நொடியிலும் அது இருக்கும் இடத்தைக் குறித்து, வரைபடம் போட்டு, அக்கோட்டின் சாய்வுதான் வேகம் என்பதை மாணவர்களே கண்டறிகிறார்கள். சூத்திரம் அதற்குப் பிறகுதான் கரும்பலகைக்கு வருகிறது. அடுத்து, வேகம் வேறுபட்ட இரண்டு வண்டிகளை எதிரெதிரே விட்டால் எந்த இடத்தில் சந்திக்கும் என்று கணக்கிட்டுத் தரையில் குறியிட்டு, பின்னர் ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். கணிப்பு தவறினால் ஏன் தவறியது என்பதைக் குழுவாக ஒரு சிறு வெள்ளைப்பலகையில் எழுதி வகுப்பின் முன் விளக்க வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட ‘மாடலிங்’ கற்பித்தல் முறையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. அளவீட்டில் பிழை இருக்கும், அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவதே அறிவியல் என்பதை என் மகள் இங்கேதான் கற்றாள். இந்த ஒன்றுக்காகவே இப்பாடத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

விசையும் முடுக்கமும் இதே கவனத்தோடு நடந்தன. மின்சுற்றுகள் பரவாயில்லை. அலைகளும் ஒளியும் ஆண்டின் கடைசியில் அவசரமாக முடிக்கப்பட்டன.

குறைகளையும் சொல்ல வேண்டும். அல்ஜீப்ரா 1 என்னும் தொடக்க இயற்கணிதப் பாடத்தை முடிக்காமல், அல்லது அதை அதே ஆண்டில் தடுமாறிக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு இப்பாடம் கடினம். விசை, நிறை, முடுக்கம் மூன்றில் தெரியாத ஒன்றைச் சமன்பாட்டிலிருந்து பிரித்தெடுப்பதிலேயே நேரம் கழிந்துவிடும். முக்கோணவியல் தேவைப்படாதபடி பாடம் அமைக்கப்பட்டிருப்பதால், சாய்ந்த தளத்தில் செயல்படும் விசைகளைக் கூறுகளாகப் பிரிப்பது போன்றவை இதில் வருவதில்லை. எனவே இதை, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. இயற்பியலுக்கு மாற்றாக எண்ணிவிடக் கூடாது. பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளை பதினொன்றிலோ பன்னிரண்டிலோ இயற்பியலை மீண்டும் ஆழமாகப் படிக்கத்தான் வேண்டும். பெயரில் ‘ஹானர்ஸ்’ இல்லாததால் மதிப்பெண் சராசரியில் கூடுதல் எடை கிடைக்காது என்பதும் எங்கள் பள்ளியில் உண்மையே. அந்தச் சிறு கூடுதலுக்காகப் பிள்ளைக்குப் பொருந்தாத பாடத்தை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாநிலத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு உயிரியலில் மாநிலத் தேர்வு எழுத வேண்டியிருப்பதால், அங்கே உயிரியலைத் தள்ளிப்போடுவதற்கு முன் பள்ளி ஆலோசகரிடம் பேசுவது அவசியம். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களைக் குறிவைப்போர், அவை இரண்டு ஆண்டு ஆய்வக அறிவியலைக் கட்டாயமாகக் கேட்பதையும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மூன்றாவது ஆண்டையும் பரிந்துரைப்பதையும் மனத்தில் வைத்து, தேர்ந்தெடுக்கும் பாடம் அந்தக் கணக்கில் சேருமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் இப்பாடம் இருந்தால், படிவத்தில் கையெழுத்திடும் முன் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை வகுப்புகள் ஆய்வகத்தில் நடக்கின்றன, மாணவர்கள் தாங்களே அளக்கிறார்களா அல்லது எழுதிக்கொடுத்த படிகளைப் பின்பற்றுகிறார்களா, இதை முடித்தவர்கள் பத்தாம் வகுப்பில் எந்த வேதியியல் பாடத்துக்குப் போகிறார்கள். முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், நல்ல ஆசிரியர் நடத்தும் சாதாரண உயிரியல் வகுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.